சித்தப்பாவின் டிரிப் ஷீட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பழங்காநத்தத்தில் யாராவது வீட்டுக் கதவைத் தட்டினால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். பால்காரர் பாக்கெட்டை மாற்றிப் போட்டிருப்பார். தெருக் குழாயில் தண்ணீர் வந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால், சித்தப்பா வந்திருப்பார்.

2025 ஆடி மாதத்தில் அப்படி ஒரு ஞாயிறு. வந்தது சித்தப்பாதான்.

முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வீடு திருமங்கலத்தில். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில்தான் உட்காருவார். பசுமலையில் யாராவது குறுக்கே வந்தால், டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால் இவர் வலது கால் தரையை மிதித்திருக்கும்.

மஞ்சள் பையிலிருந்து நாலைந்து வண்ணத் தாள்களை எடுத்து டீப்பாயில் பரப்பினார். சிவப்பு, நீலம், ஆரஞ்சு, பச்சை. ஏதோ தேர்தல் வருகிறதாக்கும் என்று நினைத்தேன். எல்லாம் டிராக்டர்!

"தம்பி, ரிட்டையர்மென்ட் காசு கைக்கு வந்துருச்சு. ஒரு டிராக்டரும் பின்னால மாட்டுற புல்லுவெட்டியும் எடுத்துரலாம்னு இருக்கேன். நீ பி.காம். படிச்சவன். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு."

இந்த நாட்டில் பி.காம். படித்தவனிடம் யாரும் கணக்கு கேட்பதில்லை. வருமான வரி, ரேஷன் கார்டு, மிக்ஸி ரிப்பேர், பெண்ணுக்கு ஜாதகம்... இப்போது டிராக்டர்.

உங்களில் பாதிப் பேருக்கு ஊரில் இப்படி ஒரு நிலம் இருக்கும். எங்களுக்குக் கள்ளிக்குடிப் பக்கம் பதினொரு ஏக்கர். கரிசல். தாத்தா வாங்கிப் போட்டது. அப்பா காலத்தோடு விவசாயம் நின்றது. அதற்குப் பிறகு நாங்கள் அதற்குச் செய்ததெல்லாம், வருஷத்துக்கு ஒரு முறை காரை ரோட்டில் நிறுத்தி "அந்தா, அதுவரைக்கும் நம்மதுதான்" என்று பிள்ளைகளுக்குக் காட்டியதுதான். பிள்ளைகளுக்குத் தெரிந்தது சீமைக் கருவேலம் மட்டும்.

இந்த மரத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காமராஜர் கொண்டுவந்தது என்பார் ஒருவர். அமெரிக்காக்காரன் விமானத்திலிருந்து விதை தூவினான் என்பார் இன்னொருவர். உண்மையில் 1877-லேயே, வெள்ளைக்காரர்களின் வனத்துறை கடப்பா பக்கம் இதை நட்டுவிட்டது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று நினைத்து நட்டார்கள். மருந்து நோயாளியை விழுங்கிவிட்டது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது, ஊரே கையில் அரிவாளோடு போட்டோ எடுத்துக்கொண்டது நினைவிருக்கும். வெட்டினால் போகிற மரமா இது? தூரை விட்டுவிட்டால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும்.

நாங்கள் அந்த ஆனியில் கரி மூட்டம் போடுகிறவரிடம் மரத்தைக் கொடுத்தோம். அவரே வெட்டி எடுத்துக்கொண்டு, கையில் கொஞ்சம் காசும் கொடுத்தார். அதை அப்படியே ஜே.சி.பி.க்குக் கொடுத்துத் தூரைப் பிடுங்கினோம். வரவும் செலவும் சரி. என் படிப்புக்கு அன்றைக்குத்தான் முதல் மரியாதை.

ஆனால் காலி நிலம் காலியாக இருக்காது. ஐப்பசி மழைக்குக் கோரையும் பார்த்தீனியமும் இடுப்பளவு வரும். பங்குனியில் காயும். எவனாவது பீடியை வீசிவிட்டுப் போனால் பக்கத்துக் காட்டுக்காரரின் வைக்கோல் படப்புவரை எரியும். இன்னொரு தொல்லையும் உண்டு. புதர் மண்டிய நிலத்தைக் கண்டால், வெள்ளைக் காரில் சுருட்டிய வரைபடத்தோடு ஒருவர் வந்து இறங்குவார். "சும்மாதான கெடக்கு சார்... பிளாட் போட்டா என்ன?" என்பார். உழுது கிடக்கிற நிலத்தில் அந்தக் கார் நிற்பதில்லை.

ஆக, சித்தப்பாவுக்கு டிராக்டர் ஆசை மட்டுமில்லை. நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம். அதற்காக முப்பத்திரண்டு வருஷச் சம்பாத்தியத்தை வைக்கத் துணிந்திருந்தார். விளையாட்டில்லை.

முதலில் புல்லுவெட்டி. எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிலீஷ் படங்களில் வருவதுதான். அரை டிரவுசர் போட்ட தாத்தா, குட்டி வண்டியில் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குக் கை காட்டுவாரே, அது. விசாரித்தேன். அந்தக் குடும்பத்தின் முதல் இயந்திரத்தை 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் கண்டுபிடித்தார். கம்பளி மில்லில் துணியின் பிசிறைச் சீவுகிற இயந்திரத்தைப் பார்த்து, துணிக்குப் பதில் புல்லைச் சீவினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அதாவது, அது துணி மாதிரி சமமான தரைக்குப் பிறந்தது. எங்கள் கரிசல் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அரை டிரவுசர் தாத்தா வண்டியோடு உள்ளே போய்விடுவார்.

அடுத்தது தோளில் மாட்டும் பிரஷ் கட்டர். நண்பனிடம் இரவல் வாங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்கினேன். மூன்றாவது நிமிஷம், சுழலும் பிளேடில் பட்ட ஒரு சரளைக் கல் என் முழங்காலைத் தேடி வந்தது. நான் போட்ட சத்தத்தில் வரப்பிலிருந்த கொக்குகள் திருமங்கலம் திசையில் பறந்தன. முழுக்கால் பேன்ட், பூட்ஸ், கண்ணாடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வரப்பு ஓரத்துக்கும் கிணற்றடிக்கும் அது நல்ல கருவி. பதினொரு ஏக்கருக்கு அது போதாது. ஐந்தாவது ஏக்கரை வெட்டும்போது முதல் ஏக்கர் மறுபடி முளைத்திருக்கும்.

மிச்சம், டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ஸ்லாஷர். தரையிலிருந்து அரையடி உயரத்தில் கத்தி சுழலும். மேடு பள்ளம் பற்றிக் கவலையில்லை. அடிக்கு 5 குதிரைச் சக்தி என்பது பொதுக் கணக்கு. நாலடி ஸ்லாஷருக்கு 20, ஐந்தடிக்கு 25.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்த பையன், "சார், 24 ஹெச்பி மினி பாருங்க. நாலு சக்கரமும் இழுக்கும். தோப்புக்கு, தோட்டத்துக்கு சூப்பர் சார்" என்றான்.

"இந்தா இருக்கே, 36. இது என்ன விலை?" என்றார் சித்தப்பா.

இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை! மினியில் நாலு சக்கர இழுவை. பெரியதில் பின் சக்கரங்கள் மட்டும். ஷோரூமை விட்டு வெளியே வந்து, ஒரு பட்டறை மெக்கானிக்கைப் பிடித்தோம். ஒரு டீயில் அவர் சொன்னதை எந்த வண்ணத் தாளிலும் நான் படிக்கவில்லை.

"மொதல்ல மண்ணைச் சொல்லுங்கண்ணே. வண்டியை அப்புறம் பேசுவோம். தென்னந்தோப்பு, கொய்யாத்தோப்புன்னா மரத்துக்கு ஊடால போகச் சின்ன வண்டிதான் நல்லது. கரிசல்ல ஒன்பது கொத்துக் கலப்பையை இழுக்கணும்னா எடை வேணும். எடை இல்லாத வண்டி நின்ன எடத்துலயே சுத்தும். இன்னொண்ணு, தாள்ல போட்டுருக்கிறது இன்ஜின் ஹெச்பி. பின்னால ஸ்லாஷரைச் சுத்துற தண்டுக்கு அம்புட்டும் வராது. முப்பத்தாறுன்னா முப்பதுக்குப் பக்கம் வைங்க."

சம்பளத்தில் பிடித்தம் போக கைக்கு வருகிற கணக்கு. உடனே புரிந்தது.

அந்தத் தண்டுக்கு பி.டி.ஓ. என்று பெயர். நிமிஷத்துக்கு 540 சுற்று. மெக்கானிக் தன் வலது கையைக் காட்டினார். இரண்டு விரல் இல்லை. "செகண்டுக்கு ஒன்பது சுத்துண்ணே. துண்டு முனை மாட்டுச்சுன்னா 'ஐயோ'ன்னு சொல்ல நேரம் இருக்காது. தண்டுக்கு மேல இருக்கிற மூடியைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் பாதிப் பேரு ஓட்டுறாங்க. எறங்குறதுக்கு முன்னால பி.டி.ஓ.வை நிறுத்தணும். வேட்டி கட்டிக்கிட்டு பக்கத்துல போகக் கூடாது."

சித்தப்பா தன் வேட்டியை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

கருவிகளை மாட்டும் அந்த மூன்று புள்ளி இணைப்பு வட அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசனின் மூளை. அதற்கு முன் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்தார்கள். கலப்பை வேரில் மாட்டினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி டிரைவர் மேலேயே கவிழ்ந்துவிடும். பெர்குசனின் இணைப்பு, கலப்பையின் பாரத்தையே வண்டியை அமுக்கிப் பிடிக்க வைத்தது. அவர் பெயர்தான் மாஸி பெர்குசனில் இருக்கிறது. சென்னையின் டாஃபே 1960-களிலிருந்து அந்த வண்டியைச் செய்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் கல்லடிப்பட்டியில்கூட ஒரு தொழிற்சாலை உண்டு. 2025-ல் இந்தியாவில் அந்தப் பெயரே டாஃபேக்குச் சொந்தமாகிவிட்டது. இணைப்பு இவ்வளவு நல்லதாக வந்த பிறகும் வரப்பில் குறுக்கே ஏற்றினால் டிராக்டர் கவிழும். அதற்கு எந்த அயர்லாந்துக்காரரும் பொறுப்பில்லை.

அன்று ராத்திரி பழங்காநத்தம் வீட்டில், சாப்பாட்டுத் தட்டை ஓரம் தள்ளிவிட்டுக் கணக்கை எடுத்தேன். கல்லூரியில் 'பிரேக் ஈவன்' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்கிற புள்ளி. பன்னிரண்டு வருஷமாக அது எனக்கு எதற்கும் பயன்படவில்லை. அன்றைக்குப் பயன்பட்டது. உங்களுக்கும் பயன்படும். விலைகள் எனக்குச் சொல்லப்பட்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிராக்டர், ஸ்லாஷர், ரொட்டவேட்டர், கலப்பை எல்லாம் சேர்த்து 7,50,000 ரூபாய். பத்து வருஷம் கழித்து விற்றால் 2,00,000 கிடைக்கும் என்று வைத்தால், தேய்மானம் வருஷத்துக்கு 55,000. அந்தப் பணத்தைச் சும்மா வைத்திருந்தாலே வட்டி வந்திருக்கும் அல்லவா? சராசரியாக 4,75,000-க்கு 9 சதவீதம் என்றால் 42,750. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், ஷெட் 15,000. ஆக வண்டி ஷெட்டில் தூங்கினாலும் வருஷத்துக்கு 1,12,750 ரூபாய் செலவு!

வாடகை டிராக்டர் மணிக்கு 1,200. சொந்த வண்டி என்றால் டீசல், டிரைவர் கூலி சேர்த்து மணிக்கு 480. மிச்சம் 720. இந்த 720-ஆல் 1,12,750-ஐ வகுத்தால், 157 மணி நேரம். வருஷத்துக்கு அத்தனை மணி நேரம் ஓடினால்தான் சொந்த வண்டிக்கு நியாயம்.

எங்கள் வேலை எவ்வளவு? கலப்பையோ ஸ்லாஷரோ, ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பதினொரு ஏக்கருக்கு இரண்டு உழவு, இரண்டு முறை புல்வெட்டு. அதோடு தீ பரவாமல் இருக்கச் சுற்றிலும் ஓட்டும் ஓட்டு, சில்லறை வேலை. இழுத்துப் பிடித்தால் 60 மணி.

"சித்தப்பா, வாடகைக்கு எடுத்தா 72,000. சொந்தமா வச்சிருந்தா 1,41,550. வருஷம் எழுபதாயிரம் தண்டம்" என்றேன். "வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே மணிக்கணக்குல வாடகைக்குத் தர்றாங்க. இ-வாடகைன்னு செயலியே இருக்கு."

சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலை மடிப்பது மட்டும் நடந்தது.

"என் டூட்டியில எல்லாம் ஸ்டேரிங் அவுக குடுத்தது தம்பி" என்றார் கடைசியில். "ரூட்டு அவுக சொன்னது. நேரம் அவுக சொன்னது. நமக்குன்னு ஒண்ணு ஓட்டிப் பாக்கணும்னு நெனச்சேன். நீ சொல்ற கணக்கு சரியாத்தான் இருக்கும்."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிவிட்டு வகுப்பு முழுவதையும் அழவைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, ஒரு வருஷம் வாடகைக்கு ஓட்டிப் பாக்கட்டுமே மாமா. எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு அவங்களே எழுதி வைக்கட்டும்" என்றாள். அவள் பி.ஏ. தமிழ்.

சித்தப்பா எழுத ஆரம்பித்தார். சாதாரண நோட்டு இல்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். டிரிப் ஷீட் மாதிரியே கட்டம் கட்டிவிட்டார். தேதி, வேலை, புறப்பாடு, முடிவு, மொத்த நேரம். கடைசிக் கட்டத்துக்கு 'தாமதமும் காரணமும்' என்று தலைப்பு.

அந்தச் செப்டம்பரில் ஒன்று நடந்தது. 22-ம் தேதியிலிருந்து டிராக்டருக்கும் விவசாயக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நாங்கள் கேட்ட 7,50,000 இப்போது 7,03,000-க்கு வந்தது. ஆடியில் வாங்கியிருந்தால் 47,000 போயிருக்கும். "பாத்தீங்களா சித்தப்பா!" என்று போன் போட்டேன். வரியைக் குறைத்தது நானே என்கிற குரலில்.

ஐப்பசி வந்தது. மழை வந்தது. அங்கேதான் நான் போடாத ஒரு கணக்கு இருந்தது.

கரிசலில் மழை விட்ட அன்றைக்கு இறங்கினால் சக்கரம் புதையும். காய விட்டால் மண் பாறையாகும். நடுவில் சில நாள்தான் பதம். அந்தச் சில நாளில்தான் சுற்று வட்டாரமே டிராக்டரைக் கூப்பிடும். வாடகை வண்டிக்காரர் தன் காட்டை முடித்து, தன் பங்காளி காட்டை முடித்து, அப்புறம்தானே நம்மிடம் வருவார்? அவரைத் தப்புச் சொல்ல முடியாது. நாமும் அப்படித்தான் செய்வோம்.

சித்திரையில், கோடை உழவு முடிந்ததும், சித்தப்பா நோட்டோடு வந்தார். ஞாயிறு, காலை ஆறு மணி.

"சொந்த நிலத்துல ஓடுனது 58 மணி" என்றார்.

"நான் சொன்னேன்ல, அறுபது!"

"இரு. அடுத்த பக்கத்தைத் திருப்பு."

திருப்பினேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஆறு பேர். ஆளுக்கு எத்தனை ஏக்கர், எத்தனை ஓட்டு, எத்தனை மணி. எதிரே அவரவர் கையெழுத்து, ஒருவர் மட்டும் கைநாட்டு. 'நீ வண்டி எடுத்தா உன்னையத்தான் கூப்பிடுவேன்' என்று சொன்னவர்கள். மொத்தம் 94 மணி.

58-ம் 94-ம் 152.

எனக்குக் கொஞ்சம் அற்பமான சந்தோஷம். "157 வேணும் சித்தப்பா. அஞ்சு மணி குறையுது."

"எந்த வெலைக்கு 157? பழைய வெலைக்குத்தானே? வரியைக் குறைச்சுட்டாங்கன்னு நீதானடா போன் போட்டுச் சொன்ன. இப்பப் போடு."

போட்டேன். தேய்மானம் 50,300. வட்டி 40,600 சொச்சம். மற்றது 15,000. கூட்டி 720-ஆல் வகுத்தால் 147. ஐந்து மணி நேரம் சித்தப்பா பக்கம்.

"அஞ்சு மணி நேரத்துக்கு என்ன லாபம் சித்தப்பா? மூவாயிரத்து அறுநூறு ரூபா. ஆறு பேர்ல ஒருத்தர் மனசு மாறினாப் போச்சு."

"போகட்டும். கடைசிக் கட்டத்தைப் பாரு."

பார்த்தேன். 'தாமதமும் காரணமும்.' வண்டிக்காரர் மச்சினன் வீட்டு விசேஷம். டயர் பஞ்சர், கருவேல முள். வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. மறுபடி மழை. கூட்டி அடிக்கோடு போட்டிருந்தார்: 11 நாள். அதில் ஒரு முறை பதம் தவறி, நாலு ஏக்கரில் விதைக்காமலே விட்டிருக்கிறார். அதை எனக்குச் சொல்லவே இல்லை.

"இந்தப் பதினோரு நாளை உன் கணக்குல எந்தப் பக்கம் எழுதுவ? வரவுலயா, செலவுலயா?"

என் பாடப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

சரி, எந்த வண்டி? அந்தக் கேள்விக்கு இப்போது சண்டையே இல்லை. ஆறு பேரும் கரிசல்காரர்கள். ஒன்பது கொத்து இழுக்க வேண்டும். 36-தான். நிறம் எது என்று கேட்காதீர்கள். பழுதானால் எந்த ஷோரூமிலிருந்து ஆள் சீக்கிரம் வந்து சேருவான் என்று பார்த்து எடுத்தோம். நிலமே தோப்பாக இருந்தால் 24. வருஷத்துக்கு அறுபது மணிதான் ஓடும், கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை என்றால், வாடகை வண்டியும் ஒரு பிரஷ் கட்டரும் போதும். சம்பளக்காரர்கள் காசைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மணி நேரத்தை எண்ணுங்கள், அப்புறம் மண்ணைப் பாருங்கள், ஹெச்பி கடைசியில்.

வண்டி வந்த அன்று எல்லோரும் கள்ளிக்குடிக்குப் போனோம். சித்தப்பா காக்கி பேன்ட் போட்டிருந்தார். பழைய யூனிஃபார்ம். வேட்டி கூடாது என்று மெக்கானிக் சொன்னதாம். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் இல்லாத கண்ணாடியை ஒரு முறை சரி செய்தார்.

நான் மட்கார்டில் ஏறி உட்காரப் போனேன்.

"எறங்கு. ஃபுட்போர்டு கூடாது."

"நான் உங்க மகன் சித்தப்பா..."

"இதுல ஒரே சீட்டுதான். விழுந்தா பின்னால கத்தி ஓடுது. எறங்கு."

இறங்கி நின்றேன். பதினொரு ஏக்கரையும் அவரே ஓட்டினார். நாங்கள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் வேகத்தைக் குறைத்தது; உழுது கிடந்த பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் நோட்டை எடுத்தார். தேதி எழுதினார். புறப்பாடு, முடிவு, மொத்த நேரம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எழுதினார்.

'தாமதம் இல்லை.'